மழலையும் முஸல்லாவும்

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து ஜமாஅத்தார் கலைந்த பின்னர் ஒரு சகோதரர் நம்மிடம் வந்து அமர்ந்தார். ஏழு வயது மகனைக் கையோடு பிடித்து வந்திருந்தார்.

"ஹஜ்ரத், இவனுக்கு ஏழு முடிஞ்சுபோச்சு. தொழச் சொன்னா ஓடுறான். முஸல்லாவை விரிச்சாலே வீட்டுக்குப் பின்னாடி போய் நின்னுக்கிறான். இவனை என்ன செய்யிறது? நீங்களே கேளுங்க" என்றார். பையன் தலையைக் குனிந்தபடி தூணின் சுண்ணாம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

பிள்ளைகளுக்கு ஏழு வயதாகும்போது தொழுமாறு அவர்களை ஏவ வேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டிருப்பது அபூதாவூது முதலிய ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. அதை வைத்துத்தான் அந்தச் சகோதரர் கேட்டார். (ஏழு வயது என்பதை நம் மக்கள் ஆங்கிலத் தேதியில் கணக்கிடுகின்றார்கள். ஹிஜ்ரிக் கணக்கில் அது ஏறக்குறைய இரண்டரை மாதம் முந்தியே வந்துவிடும். பெற்றோர் இதனையும் கவனிக்க வேண்டும்.)

நாம் பையனிடம் ஒன்றும் கேட்கவில்லை. தந்தையிடம்தான் கேட்டோம். "கொரோனா ஊரடங்கிலே இவனுக்கு என்ன வயசு?"

"ஒன்றரை, ரெண்டு இருக்கும்."

"அப்போ நீங்க எங்கே தொழுதீங்க?"

"வீட்டிலேதான். பள்ளிதான் பூட்டியிருந்ததே."

"இவன் முதுகிலே ஏறுவானா?"

சகோதரர் சற்று நேரம் பேசவில்லை. மகனைப் பார்த்தார். "ஏறுவான்" என்று மட்டும் சொன்னார்.

அவர் வீட்டில் நடந்ததை நாம் ஜோசியம் பார்த்துச் சொல்லவில்லை. நம் வீட்டிலும் அதுவே நடந்தது. அதனாலேயே கேட்டோம். ஊரடங்கில் நடை பழகிய பிள்ளைகள் இன்று ஏழை எட்டிவிட்டார்கள், தாண்டியும் விட்டார்கள். ஏவ வேண்டிய வயதில் அவர்களை ஏவும் பெற்றோர், அவர்கள் ஏவப்படாத வயதில் முஸல்லாவின் மீது எதைக் கண்டார்கள் என்பதை ஒரு தடவை நினைத்துப் பார்ப்பது நல்லது. அதற்காகவே இந்தப் பாடத்தை எழுதுகின்றோம்.

வீடு பள்ளிவாசலான நாட்கள்

2020 மார்ச் 24 அன்று மாலை தமிழகத்தில் தடையுத்தரவு வந்தது. மறுநாள் முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. பள்ளிவாசல்களில் பாங்கு ஒலித்தது, ஜமாஅத்து இல்லை. குவைத்தில் முஅத்தின் பாங்கிலேயே வீடுகளில் தொழுதுகொள்ளுங்கள் என்னும் கருத்துள்ள வாசகத்தைச் சேர்த்துச் சொன்னதைக் கேட்டு நம் மக்களில் பலர் அழுதார்கள். ஆனால் அது புதிய வழக்கமன்று. மழை பெய்து சேறான ஒரு ஜும்ஆ நாளில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் தம் முஅத்தினை அவ்வாறே சொல்லச் செய்தார்கள். மக்கள் வியந்தபோது, தம்மைவிடச் சிறந்தவர் இதைச் செய்திருக்கின்றார் என்று நபிகள் நாயகத்தைச் சுட்டிக் காட்டினார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இச்செய்தி உண்டு.

நாம் அப்போது திருப்புட்குழியில் வாடகைக்குக் குடியிருந்தோம். காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையில் பாலுசெட்டி சத்திரத்தின் அருகே உள்ள ஊர் அது. விஜயராகவப் பெருமாள் கோயிலால் வெளியூரார் அறிந்த ஊர். கோயிலுக்கு வரும் கூட்டமும் நின்றது. நாம் ஓதிக்கொடுக்கும் மதரஸாவும் மூடப்பட்டு மாணவர்கள் ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். இரவு பகலாக லாரிகள் இரையும் அந்தச் சாலை ஊமையாகிவிட்டது. கல்யாணங்கள் தள்ளிப்போனதால் காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிகளும் நின்றன. தறியை நம்பிய குடும்பங்கள் ரேஷன் அரிசியை நம்பி இருந்தன. போதாக்குறைக்கு, டெல்லி நிஜாமுத்தீன் மர்க்கஸை முன்னிட்டு நம் சமுதாயத்தின் மீதே நோய்ப் பழி விழுந்த நாட்கள் அவை. வருஷக்கணக்காகப் பேசிப் பழகியவர்கள் தெருவில் நம்மைக் கண்டு ஒதுங்கினால் மனம் என்ன பாடுபடும்? சம்பளம் பாதியாயிற்று. இவற்றையெல்லாம் எதற்குச் சொல்கின்றோம் என்றால், ஒரு வீட்டுத் தலைவன் அந்த நாட்களில் எந்த மனநிலையோடு தக்பீர் கட்டினான் என்பது தெரிய வேண்டும் என்பதற்காகத்தான். நம் குற்றத்துக்கு இது சாக்கு ஆகாது.

நம் மகனுக்கு அப்போது இரண்டு வயது ஆகவில்லை. அதுவரை அவனுக்கு அத்தா என்றால் மக்ரிபுக்குப் பின் வருபவர். வெள்ளிக்கிழமை அத்தர் மணக்கத் தூக்குபவர். திடீரென்று அத்தா நாள் முழுதும் வீட்டில் இருந்தார். ஐந்து வேளையும் பத்தடிக்குப் பத்தடி முன்னறையில், அவன் விளையாடும் அதே இடத்தில், பாயை விரித்து நின்றார். பின்னால் அவனுடைய தாயார் நின்றார். பெரியவர்களுக்கு அது முடங்கிக் கிடந்த காலம். பிள்ளைக்கோ அது பெருநாளாகத் தோன்றியது! முதல் சில நாட்கள் தொப்பியை எடுத்து வந்து கொடுத்தான். நாம் கையைக் கட்டினால் அவனும் வயிற்றின் மேல் கையை வைத்தான். முஸல்லாவுக்கு அவன் வைத்த பெயர் "அல்லாப் பாய்".

பிறகு ஏறத் தொடங்கினான்.

நாம் செய்த தவறு

அந்த ஆண்டு, ஹிஜ்ரி 1441 ரமளானின் முதல் நோன்பு ஏப்ரல் 25 அன்று அமைந்தது. நோன்புக் கஞ்சிக்காக அரசு வழக்கமாகத் தரும் அரிசியை, பள்ளிகளில் காய்ச்ச முடியாதென்பதால், வீடுகளுக்கே பங்கிட்டுக் கொடுத்தார்கள். தராவீஹும் வீட்டில்தான். மக்கா, மதீனா இரு ஹரம்களிலேயே பொதுமக்கள் இல்லாமல் பத்து ரகஅத்தாகச் சுருக்கித் தொழுத ஆண்டு அது.

நாமோ சுருக்கவில்லை. ஹாபிழ் என்ற நினைப்பு. பள்ளியில் ஓத முடியாவிட்டால் என்ன, வீட்டிலேயே இரவுக்கு ஒரு ஜுஸ்உ ஓதி முழுக் குர்ஆனையும் முடிப்பது என்று நிய்யத்து வைத்தோம். நிய்யத்து நல்லதுதான். ஆனால் நமக்குப் பின்னால் நின்றவர் எத்தனை பேர்? ஒரே ஒரு பெண். பகல் முழுதும் ஏறக்குறைய பதினான்கு மணி நேர நோன்பில் அடுப்படியில் நின்றவர். இன்னும் பால் மறக்காத பிள்ளையை உடையவர்.

ஐந்தாவது இரவு என்று நினைவு. மின்விசிறி நின்றுபோயிருந்தது. பிள்ளை தூக்கத்துக்கு அழுது, காலைக் கட்டிக்கொண்டு, நாம் ஓதிய இடத்தில் தடுமாறவும் செய்தோம். அடுத்த ஸுஜூதில் அவன் முதுகில் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டான். அவன் இருப்பது தெரிந்தே, தெரிந்தேதான், நாம் வெடுக்கென்று எழுந்தோம். பிள்ளை சரிந்து நிலைப்படியில் விழுந்து உதடு கிழிந்தது. அப்போதும் நாம் தொழுகையை விடவில்லை. பின்னால் நின்ற தாயார்தான் தொழுகையை விட்டு ஓடிவந்து தூக்கினார்.

ஸலாம் கொடுத்த பிறகு அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அவரும் பெண்கள் மதரஸாவில் ஓதியவர். பிள்ளையின் வாயில் ஈரத் துணியை ஒற்றிக்கொண்டே, "ஏங்க, நஸாயீ பாடம் நடத்தும்போது ஷத்தாது (ரலி) அவங்க ஹதீஸை எப்படிச் சொல்லிக் கொடுப்பீங்க?" என்று மட்டும் கேட்டார்.

அன்று மீதி ரகஅத்துகளை அவர் தனியாகத் தொழுதுகொண்டார். நாம் தொழுதது நமக்கே நினைவில்லை.

மறுநாள் ஸுபுஹுக்குப் பாயை விரித்தபோது பிள்ளை கதவுக்குப் பின்னால் போய் நின்றான். ளுஹரிலும் அப்படியே. "அல்லாப் பாய்" என்ற சொல்லே அவன் வாயிலிருந்து போய்விட்டது. பத்து வயதுப் பிள்ளையைக் கண்டிப்பதற்கு ஷரீஅத் கொடுத்திருக்கும் அனுமதியை, அதுவும் காயமின்றி, முகத்தில் படாமல், சினத்தைத் தீர்த்துக்கொள்ள அல்லாமல் என்று பல நிபந்தனைகளோடு கொடுத்திருக்கும் அனுமதியை, இரண்டு வயதுப் பிள்ளையிடம் நாமாக எடுத்துக்கொண்டோம். அந்த ஹதீஸை மக்களுக்கு எத்தனை தடவை விளக்கியிருப்போம்!

அந்த ஹதீஸ்

ஷத்தாது இப்னுல் ஹாத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தியைத் தாய்மார்களுக்காகச் சற்று விரிவாகவே கூறுகின்றோம். ஓர் இரவுத் தொழுகைக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் பேரர் ஹஸனையோ ஹுஸைனையோ சுமந்தபடி வந்தார்கள். பிள்ளையை இறக்கிவிட்டு, இமாமாக நின்று தக்பீர் கட்டினார்கள். தொழுகையின் நடுவே ஒரு ஸுஜூதை மிக நீட்டினார்கள். ஷத்தாது (ரலி) தலையை உயர்த்திப் பார்த்தபோது பெருமானாரின் முதுகில் பிள்ளை அமர்ந்திருந்தது. அவர்கள் மீண்டும் ஸுஜூதுக்குச் சென்றுவிட்டார்கள். தொழுகை முடிந்ததும் ஸஹாபாக்கள் கேட்டார்கள்: ஏதும் நேர்ந்துவிட்டதோ, வஹீ இறங்கியதோ என்று எண்ணினோமே! அவ்விரண்டும் இல்லை, மகன் நம் மீது ஏறிக்கொண்டான், அவன் ஆசை தீருமுன் அவசரப்படுத்த மனம் வரவில்லை என்ற கருத்தில் பெருமானார் விடை தந்தார்கள். நஸாயீயிலும் முஸ்னது அஹ்மதிலும் இது உள்ளது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாயகத்தின் பின்னால் நின்றது நம் வீட்டைப் போல ஓர் ஆள் அன்று, ஒரு ஜமாஅத்து. வேலை உள்ளவர்களும் முதியவர்களும் அதில் இருந்திருப்பார்கள். அத்தனை பேரையும் ஒரு மழலையின் ஆசை தீரும்வரை ஸுஜூதில் நிறுத்திவைத்தார்கள். அதே பெருமானார், தொழுகையை நீட்ட எண்ணி நின்றும், பின்னாலிருந்து ஒரு பிள்ளையின் அழுகை கேட்டால் தாயின் தவிப்பை எண்ணி அதைச் சுருக்கிவிடுவார்கள் என்பது புகாரியில் அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு. பிள்ளைக்காக ஓரிடத்தில் நீட்டினார்கள். பிள்ளைக்காக ஓரிடத்தில் சுருக்கினார்கள். ஏறிய பிள்ளைக்கு நேரம் வேண்டும். அழும் பிள்ளைக்குத் தாய் வேண்டும். நாம் அந்த இரவு இரண்டையும் தலைகீழாகச் செய்தோம். அழும்போது நீட்டினோம், ஏறியபோது அவசரப்பட்டோம்.

மிம்பரில் நின்று பேசும்போது சிவப்புச் சட்டை அணிந்த பேரர் இருவரும் தடுக்கித் தடுக்கி நடந்து வருவதைக் கண்டு, பேச்சை நிறுத்தி இறங்கிச் சென்று அவர்களைத் தூக்கிவந்த செய்தியும் உண்டு. அபூதாவூதும் திர்மிதியும் புரைதா (ரலி) வழியாக அதைப் பதிவு செய்கின்றார்கள். இன்று நம் பள்ளிகளில் குத்பாவின்போது ஒரு சிறுவன் எழுந்து நடந்தால் எத்தனை பேர் "உஸ்" என்கின்றார்கள்! அது தனிக் கட்டுரையாக எழுத வேண்டிய விஷயம்.

தாய்மார்கள் கேட்கும் மஸ்அலாக்கள்

பிள்ளையின் உடலிலும் உடையிலும் நஜீஸ் இருக்குமே, தொழுகை கூடுமா என்ற கேள்விதான் அதிகம் வருகின்றது. நாயகம் (ஸல்) அவர்கள் தம் மகள் ஸைனப் (ரலி) அவர்களின் குழந்தை உமாமாவைத் தோளில் சுமந்தபடி தொழுதார்கள். ஸுஜூது செய்யும்போது இறக்கினார்கள், நிலைக்கு எழும்போது தூக்கிக்கொண்டார்கள். அபூகதாதா (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. நஜீஸ் இருப்பது உறுதியாகாத வரை பிள்ளைகளின் உடலையும் உடையையும் சுத்தமென்றே கொள்ள வேண்டும் என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் இதன் விளக்கத்தில் எழுதுகின்றார்கள். ஆகவே சந்தேகத்துக்காகப் பிள்ளையைத் தள்ள வேண்டியதில்லை.

உறுதியானால்? உதாரணமாக, டயாப்பர் நனைந்திருப்பது நமக்கே தெரியும் என்றால், ஷாபிஈ மத்ஹபில் அந்தப் பிள்ளையைச் சுமந்து தொழுவது கூடாது. ஹனபீ மத்ஹபில் ஒரு நுட்பம் உண்டு. பிள்ளை தானாகவே பிடித்து உட்காரும் வயதாக இருந்தால், தொழுபவர் நஜீஸைச் சுமந்ததாக ஆகாது. தானாகப் பிடிக்க முடியாத கைக்குழந்தையானால் சுமந்ததாகவே ஆகும். எந்த மத்ஹபாயினும், பாங்கு கேட்டதும் நாம் ஒளுச் செய்வதற்கு முன் பிள்ளைக்கு ஒரு தடவை துணி மாற்றிவிட்டால் இந்தக் குழப்பமே இல்லை. நம் வீட்டில் இன்றும் அதுவே வழக்கம். அதைச் செய்வது தகப்பனின் வேலை என்றும் வைத்துக்கொண்டோம்.

பாய் நனைந்துவிட்டால், பால் தவிர வேறு உணவு உண்ணாத, இரண்டு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தையாயின் அந்த இடம் முழுவதும் படுமாறு தண்ணீர் தெளித்தாலே போதும் என்பது ஷாபிஈ சட்டம். உம்மு கைஸ் (ரலி) அவர்களின் குழந்தை நாயகத்தின் உடையை நனைத்த செய்தி இதற்கு ஆதாரம். ஹனபீயில் கழுவ வேண்டும். சோறு தின்னத் தொடங்கிய பிள்ளையாயின் இரு மத்ஹபிலும் கழுவத்தான் வேண்டும். பெண் குழந்தையாயின் எந்நிலையிலும் கழுவ வேண்டும்.

பிள்ளையைத் தூக்குவது, இறக்குவது பற்றி: ஷாபிஈயில் தொடர்ச்சியாக மூன்று அசைவுகள் தொழுகையை முறிக்கும். ஹனபீயில், காண்பவர் இவர் தொழுகையில் இல்லை என்று எண்ணும் அளவுக்கு அசைந்தால் முறியும். ஒரு கையால் மெல்ல அணைத்து இறக்குவதற்கு இரண்டிலும் இடமுண்டு. பால்குடி மறக்காத பிள்ளை, தொழும் தாயின் மார்பில் வாய் வைத்துப் பால் சுரந்துவிட்டால் தொழுகை முறியும் என்று ஹனபீ நூல்கள் கூறுகின்றன. இப்படி ஒன்று நடக்குமா என்று மதரஸாவில் படித்த நாளில் நாம் சிரித்ததுண்டு. பிள்ளை பிறந்த பின்னர் சிரிக்கவில்லை. முதலில் அமர்ந்து பால் கொடுத்துவிட்டு, நேரம் இருக்கும்போது நிதானமாகத் தொழட்டும். தலைத் துணியைப் பிள்ளை இழுத்துவிடாமல் ஊசி குத்திக்கொள்ளட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளை அடுப்புப் பக்கமோ கிணற்றுப் பக்கமோ தண்ணீர்த் தொட்டிப் பக்கமோ போவதைக் கண்டால் தொழுகையை விட்டுவிட்டு ஓட வேண்டும். பர்ளாக இருந்தாலும்தான். ஆபத்திலிருக்கும் உயிரைக் காக்கத் தொழுகையை முறிப்பது கடமை என்பதில் நம் இமாம்களுக்கிடையே பேதமில்லை. உதடு கிழிந்த பிள்ளையைத் தூக்க எழுந்த அந்தத் தாய் சட்டம் அறிந்தே எழுந்தார். தொழுகையில் நின்றுகொண்டே இருந்த நமக்குத்தான் சட்டம் மறந்துபோயிற்று.

நோன்பைப் பற்றியும் இரண்டு சொல்: பால் கொடுக்கும் தாய் நோன்பால் தனக்கோ பிள்ளைக்கோ தீங்கு வருமென்று அஞ்சினால் விட்டுவிடலாம், பிறகு கழாச் செய்ய வேண்டும். பிள்ளைக்காக மட்டுமே விட்டவர் ஷாபிஈயில் ஒவ்வொரு நோன்புக்கும் ஒரு முத்து தானியம் பித்யாவும் கொடுக்க வேண்டும். ஹனபீயில் கழா மட்டுமே. நம் வீட்டில் அந்த இரவுக்குப் பிறகு இருவரும் உட்கார்ந்து பேசினோம். பிள்ளைக்குப் பால் மறக்கச் செய்வதைக்கூடத் தாயும் தந்தையும் கலந்து பேசி, இருவரும் பொருந்திய பின்னரே செய்ய வேண்டுமென்று பகரா அத்தியாயத்தின் 233-வது வசனத்தில் அல்லாஹ் வழிகாட்டுகின்றான். பால் விஷயத்திலேயே ஆலோசனை வேண்டும் என்றால், தராவீஹின் நீளத்தை நாம் ஒருவராகவே தீர்மானித்தது எப்படிச் சரியாகும்? அந்தப் பேச்சில் முடிவானது இதுதான்: பிள்ளை விழித்திருக்கும்போது சிறு சூராக்கள், அவன் தூங்கிய பின்னர் ஆசை தீர ஓதிக்கொள்ளலாம். அவர் சில நோன்புகளை விட்டுப் பின்னர் கழாச் செய்தார்.

திரும்பி வந்த விதம்

கதவுக்குப் பின்னால் நின்ற பிள்ளையை நாம் அழைக்கவில்லை. மிட்டாய் காட்டவும் இல்லை. இதுவும் தாயாரின் யோசனைதான். தொழுது முடித்ததும் எழுந்துவிடாமல் பாயிலேயே அமர்ந்து, அவன் பொம்மை ஆட்டோவைப் பாயின் ஓரத்தில் வைத்துவிட்டுத் தஸ்பீஹ் செய்தோம். இரண்டு நாள் அவன் எட்டிப் பார்த்தான். மூன்றாம் நாள் ஆட்டோவை எடுத்துக்கொண்டு ஓடினான். ஒரு வாரம் கழித்துப் பாயின் ஓரத்திலேயே அமர்ந்து ஓட்டினான். பாயின் நடுவே தைத்திருந்த மிஹ்ராபு அவனுக்கு ஆட்டோ நிறுத்துமிடமாயிற்று. அங்கே நெற்றியை வைக்க வேண்டிய நாம் சற்றுத் தள்ளி வைத்தோம்.

மே 25 பெருநாள் வந்தது. அதையும் வீட்டிலேயே கழித்தோம். அதற்கு இரண்டு நாள் முன்பு, இஷாவின் ஒரு ஸுஜூதில் முதுகில் ஒரு கை பட்டது. கை மட்டும்தான். ஏறவில்லை, எடுத்துவிட்டான். பெருநாளன்று ஏறினான். எவ்வளவு நேரம் அந்த ஸுஜூதில் இருந்தோம் என்று நாம் எண்ணவில்லை.

கிராமத்துச் சிறு பள்ளிகள் ஜூலையிலும், மற்றவை 2020 செப்டம்பர் 1 முதலும் திறந்தன. 2021 ஏப்ரல் இறுதியில் இரண்டாம் அலையின்போது மீண்டும் மூடப்பட்டு, ஜூலையில் திறந்தன. ஆண்கள் பள்ளிக்குத் திரும்பினார்கள், அல்ஹம்து லில்லாஹ். ஆனால் அத்தோடு நம் வீடுகளில் பலவற்றில் முஸல்லா அலமாரிக்குள் போய்விட்டது. பர்ளையும் பள்ளியில் தொழுது, ஸுன்னத்தையும் அங்கேயே தொழுது முடித்து, தஸ்பீஹையும் முடித்துக்கொண்டு தகப்பன் வீட்டுக்கு வருகின்றார். பிள்ளை அவரை எந்தக் கோலத்தில் பார்க்கின்றது? சாப்பிடுவதையும், செல்பேசியைத் தடவுவதையும். தொழுகை என்பது அத்தா வெளியே போய்ச் செய்யும் ஏதோ ஒரு வேலை என்றாகிவிடுகின்றது. தொழுகைகளில் ஒரு பங்கை வீடுகளிலும் வைத்துக்கொள்ளுங்கள், வீடுகளைக் கப்ருகளாக ஆக்கிவிடாதீர்கள் என்னும் கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதும், பர்ளல்லாத தொழுகை வீட்டில் தொழுவதே மேல் என்று கூறியதும் புகாரி, முஸ்லிமில் உள்ளவை. ஊரடங்கு இல்லாத சாதாரணக் காலத்துக்கான கட்டளை அது.

இனி அந்தச் சகோதரரின் கேள்விக்கு வருவோம். ஏழு வயதில் ஏவ வேண்டும் என்பதில் தளர்வு இல்லை. அது பெற்றோர் மீது கடமை. ஆனால் ஏழுக்கும் பத்துக்கும் இடையே மூன்று ஆண்டுகள் உள்ளன. நாளைக்கு ஐந்து வேளை என்றால் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட தடவை ஏவ அல்லாஹ் நமக்கு அவகாசம் தந்திருக்கின்றான். முதல் வாரத்திலேயே பையனின் காதைப் பிடித்து இழுத்துவர என்ன அவசரம்? "இன்னிக்கு மக்ரிபு பர்ளைப் பள்ளியிலே தொழுங்க. ஸுன்னத்தை வீட்டிலே வந்து இவன் உட்காரும் அறையிலே தொழுங்க. தொழுதுட்டு உடனே எழுந்திருக்காதீங்க. 'வா, தொழலாம்' என்று ஒரு தடவை அன்பாச் சொல்லுங்க. வரலைன்னா அடுத்த வேளைக்கு மறுபடி சொல்லுங்க. பழைய விஷயம் எதுவும் நடந்திருந்தா, அதை அவன்கிட்டே நீங்களே பேசிடுங்க" என்றோம்.

"ரெண்டு வயசிலே நடந்தது இவனுக்கு நினைவிருக்குமா ஹஜ்ரத்?"

"உங்களுக்கு இருக்கே" என்றோம்.

அவர் பையனின் தோளில் கையை வைத்தபடி எழுந்து போனார். வாசலில் செருப்பைத் தேடும்போது அவர் குனிந்து அவன் காதில் ஏதோ சொன்னதும், பையன் நிமிர்ந்து அவரைப் பார்த்ததும் தெரிந்தது.

நம் மகனும் இப்போது ஏழைத் தாண்டிவிட்டான். அவனுக்கு ஒரு தங்கை. நடை பழகி ஓடும் வயது. போன வாரம் இஷாவுக்குப் பின் அவன் வித்ரு தொழுதுகொண்டிருந்தபோது அவள் அவன் முதுகில் ஏறிக்கொண்டாள். ஏழு வயது முதுகு எவ்வளவு தாங்கும்? ஆயினும் அவன் எழவில்லை. அவள் இறங்கி, பூனையைத் தேடிப் போன பிறகே தலையைத் தூக்கினான். ஸலாம் கொடுத்ததும் நம்மிடம் ஓடிவந்தான்.

"அத்தா, ரொம்ப நேரம் ஸஜ்தாவிலேயே இருந்துட்டேன். ஸஹ்வு ஸஜ்தா செய்யணுமா?"

வேண்டியதில்லை என்றோம்.